ஐயாயிரம் கோடிப் பயணிகள்

பல்லுக்கொதிக்குப் பத்து நாள் மருந்து.
மூன்றாம் நாள் கொதி அடங்கியது.
நாலாம் நாள் வயிறு தொடங்கியது.

எட்மன்டனில் பஸ் ஓட்டுகிறவனுக்கு
வயிற்றாலடி என்றால் என்னவென்று
எந்த வைத்தியரும் எழுதிவைக்கவில்லை.
மில்வுட்ஸிலிருந்து ஆற்றைத் தாண்டும்வரை
முப்பத்தெட்டு நிமிடம், பதினேழு சிவப்பு விளக்கு,
ஒதுங்க ஓர் இடமில்லை.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
என் நெற்றியில் வியர்வை.
ஒரு கிழவர் கையுறையைக் கழற்றிச்
சில்லறையை எண்ணி எண்ணிப் போடுகிறார்.
ஐயா, ஏறுங்கோ,
காசே வேண்டாம், ஏறுங்கோ.

மருந்துக்கடையில் ரொவீனா
குளிர்பெட்டியின் கண்ணாடியைத் திறந்தாள்.
ஒரு குளிசைக்குள் ஐயாயிரம் கோடி உயிர்.
உலகத்துச் சனத்தைப்போல ஆறு மடங்கு,
என் கட்டைவிரல் நகத்தின் அளவில்.
போத்தலில் முப்பது. நாற்பத்திரண்டு டாலர்.

வேலை செய்யுமா என்று கேட்டேன்.
விற்கிறவள்தான், ஆனாலும் யோசித்தாள்.
"இந்த மருந்தால் வந்த வயிற்றுக்கு உதவலாம்.
சிலருக்கு உதவியிருக்கிறது.
எல்லா வயிற்றுக்கும் என்று சொன்னால்
நான் பொய்காரி."
மருந்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் விடு,
இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிக்
கையோடு கொல்லுகிறாய்.
முதல் இரண்டு நாள் வயிறு ஊதும், இருக்கட்டும்.
காய்ச்சல் வந்தால், இரத்தம் போனால்
என்னிடம் வராதே, ஆஸ்பத்திரிக்குப் போ.

அட்டையை நீட்டிய பிறகுதான் கேட்டாள்:
வீட்டில் நோய் எதிர்ப்புக் குறைந்தவர் யாரும் உண்டா?

சுகிர்தாவின் வலது அடிவயிற்றில்
அவளுடைய அண்ணனின் சிறுநீரகம்
நாலு வருடமாகக் குடியிருக்கிறது.
அந்நியன் என்று பிடித்து விரட்டிவிடாமலிருக்கக்
காலையும் மாலையும் காவற்காரருக்கு
நித்திரை கொடுத்து வைத்திருக்கிறோம்.
ஒரு விருந்தாளிக்காக
ஊர்க்காவல் முழுவதும் உறங்குகிற உடம்பு.
அதில் இனி நல்லவன் வந்து தட்டினாலும்
திறக்கப் பயம்.

இதை விளங்கப்படுத்த முடிவதில்லை.
கோயிலில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.
டிப்போவில் ஒருத்தி அவளுக்கென்று
கொம்புச்சா காய்ச்சித் தந்துவிட்டாள்.
அதைக் கராஜில் வைத்தோம். ஒரு இரவு
உறைந்து வெடித்து, காரெல்லாம் புளிப்பு.

எங்கள் குளிர்பெட்டியில் இரண்டு தயிர்.
அவனுக்குள் விளக்கை எரியவிட்டு
இரவிரவாக நான் உறைய வைப்பது ஒன்று.
மூடி திறக்காத கடைத் தயிர் அவளுக்கு.
கிளினிக் தாதி விட்டுவைத்தது அது மட்டும்.
கரண்டி மாறக்கூடாது.
இப்போது மூன்றாவதாக இந்தப் போத்தல்,
கதவோரத்தில், கடுகுச் சாற்றுக்குப் பின்னால்,
அவள் கை படாத தட்டில்.
உடைத்துக் கரைக்காமல் முழுதாக விழுங்கி,
பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறேன்.
அவள் வாசலில் சாய்ந்து நின்று சொல்கிறாள்:
"ஒரு குளிசைக்கு இத்தனை தீட்டு."
சிரித்தாள்தான். ஆனாலும்
ஒருமுறை போத்தலை எடுத்து
எழுத்தை வாசித்துவிட்டு வைத்ததைப் பார்த்தேன்.

பதினோராம் நாள் வயிறு சொல்வழி கேட்டது.
குளிசையா, கஞ்சியா,
மருந்து முடிந்ததாலா,
ஆர் செய்த வேலையென்று தெரியாது.
சாட்சிக்கு என்னைக் கூப்பிடாதேயுங்கோ.
இன்னும் ஒரு கிழமை எடுத்துவிட்டு நிறுத்தினேன்.
பதினாறு மிச்சம். எண்பதாயிரம் கோடி.
எறியவும் மனம் வரவில்லை,
நாற்பத்திரண்டு டாலர்.

ஞாயிற்றுக்கிழமை மொன்றியலிலிருந்து
அண்ணன் எடுத்தார்.
எப்போதும் முதலில் அதைத்தான் விசாரிப்பார்:
"அவன் எப்படி இருக்கிறான்?"
சுகிர்தா உள்ளங்கையை
வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு
"ஒழுங்கா வேலைக்குப் போறான்" என்றாள்.

நாலே முக்காலுக்கு முதல் பஸ்.
ஹீட்டர் சூடேற முதல் தரிப்பு.
பனிக்குள் மூன்று பேர்,
முகம் தெரியாமல் சால்வை சுற்றியிருக்கிறார்கள்.
ஆரென்று நான் கேட்பதில்லை.
பொத்தானை அழுத்துகிறேன்.
கதவு இரண்டாக மடிகிறது.